பந்தம் 0

கிளாக்ஸ்விக், அதிகாலை இரண்டு நாற்பது.
மழை பக்கவாட்டில் பெய்கிறது,
இந்தத் தீவில் அதற்கு வேறு வழி தெரியாது.
மீன்குஞ்சுப் பண்ணையின் சர்வர் அறையில்
நானும், விசிறிகளின் ஓயாத முனகலும்,
பெய்னிர் பாதியில் விட்டுப்போன காபியும்.

ஒரே இரும்புப் பெட்டிக்குள்
ஒன்பது சர்வர்கள் குடியிருக்கின்றன.
ஒன்றில் சம்பளக் கணக்கு, ஒன்றில் தீவன இருப்பு,
ஆறாவதில் பன்னிரண்டு தொட்டிகளின் பிராணவாயு.
ஆறாவது பேசவில்லை.
ஒன்பதுமே பேசவில்லை.
வீட்டுக்காரன் மட்டும், பிங் அனுப்பினால்,
ஒரு மில்லிநொடியில் "இருக்கிறேன்" என்கிறான்.
வாசலை மறித்து நின்று சிரிக்கிறான்.

பெய்னிர் தொட்டிகளுக்குப் போய்விட்டான்,
கையில் மீட்டர், நெற்றியில் விளக்கு.
குனிந்து அளந்து போனில் கத்துகிறான்:
"நாலு, எட்டு புள்ளி ஆறு.
ஐந்து, எட்டு புள்ளி எட்டு.
ரன்வா, கேட்குதா?"
மீன்பெட்டி அட்டையைக் கிழித்து எழுதிக்கொள்கிறேன்.
ஒரு சுற்றுக்குப் பதினேழு நிமிடம்.
உணரிகள் ஐந்து நொடியில் செய்த வேலை.

ஆறாவதை அணைத்து எழுப்பினேன்.
எங்கள் தொழிலில் அதற்கு வைத்தியம் என்று பெயர்.
எழுந்தது. ஊமையாகவே எழுந்தது.

பெட்டியின் முதுகில் இரண்டு கேபிள்கள்,
ஒன்று நீலம், ஒன்று சாம்பல்.
இரண்டையும் ஒன்றாகக் கட்டி
பந்தம் 0 என்று பெயர் வைத்தது நான்தான்.
ஒன்று போனால் மற்றது தாங்கும் என்று
நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான்.
நீலத்தின் விளக்கு அணைந்திருக்கிறது.
சாம்பலின் விளக்கு பச்சை.
தாங்குகிறதே, அப்புறம் என்ன?

பந்தத்தின் நிலையைத் திரையில் விரித்தேன்.
இணைப்பு: உண்டு.
வேகம்: உண்டு.
இன்னும் கீழே, நான் ஒருநாளும்
உருட்டிப் பார்க்காத வரியில்
சாம்பலின் எதிர்முனை முகவரி:
சுழியம் சுழியம், சுழியம் சுழியம்,
ஆறு ஜோடிச் சுழியங்கள்.

பதினெட்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது சாம்பல்,
"என்னோடு சேர்கிறாயா, என்னோடு சேர்கிறாயா" என்று.
அந்தப் பக்கம் புது சுவிட்ச்.
கூரை ஒழுகிப் பழையது செத்த மறுநாள்
நான் திருகி மாட்டியது.
இது ஜோடியில் பாதி என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.
நாற்பதாம் எண் வி-லானை உள்ளே விடலாம் என்றும்
யாரும் சொல்லவில்லை.
வீட்டுக்காரன் வெறுங்கையோடு போகிறவன், போய்வந்தான்.
குடியிருப்போர் எல்லார் நெற்றியிலும் நாற்பது.
கதவிலேயே கொட்டிவிட்டது.

யாரும் என்றால் நான்.
அது மலையிலிருந்து ஆடு இறக்கும் வாரம்.
பச்சை விளக்கைப் பார்த்தேன், கிளம்பிவிட்டேன்.

பச்சைக்கு மறுமுனையில் மின்சாரம் இருக்கிறது
என்று மட்டும்தான் பொருள்.
நீலத்தைப் பிடுங்கிப் பார்த்தால்
ஊசிகளில் உப்பு பூத்திருக்கிறது.
அதுவும் பச்சை.

இரண்டே வரி தட்டினேன்.
ஆறாவது வாய் திறந்தது:
ஏழாம் தொட்டி, எட்டு புள்ளி நான்கு.
அட்டையில் என் கிறுக்கலும் எட்டு புள்ளி நான்கு.
வரைபடத்தின் நடுவே ஐம்பத்தொரு நிமிடம்
வெறுமையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும்.

புதிய நீலத்தை மாட்டினேன்.
ஜோடியை ஜோடி என்று இரு பக்கமும் சொன்னேன்.
சுழியங்கள் இருந்த இடத்தில் ஒரு முகவரி வந்தது.
பிறகு, நன்றாக எரிந்துகொண்டிருந்த சாம்பலை
வேண்டுமென்றே உருவிக் கையில் வைத்துக்கொண்டேன்.
ஒரு பிங் தொலைந்தது.
அடுத்தது வந்தது.
அதற்கடுத்ததும்.
அன்றைக்கே செய்திருக்க வேண்டிய காரியம்,
நாலு நொடி.

"பெய்னிர், வந்துவிட்டது. திரையில் எல்லாம் தெரிகிறது."
"சரி" என்றான்.
காற்று. பூட்ஸ் தண்ணீரில் சளக் சளக்.
"எட்டு," என்றான், "எட்டு புள்ளி மூன்று."
நான் பென்சிலைத் தேடினேன்.